எவ்வளவு நேரம் பேசுவார்?

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓடணும்மா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் கடைக்காரர் ஜபார் பக்கத்தில் நின்ற ஆளிடம் திரும்பிவிட்டார். அந்த ஆள் ஒரு டிரிம்மரைக் கழற்றி இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு நியாயம் கேட்டுக்கொண்டிருந்தான். பிலோமினா கண்ணாடி மேடையைப் பார்த்தபடி நின்றாள். ஜபார் மூன்று சதுரப் பேட்டரிகளை அவள் முன்னால் பரப்பிவிட்டுப் போயிருந்தார். மூன்றுமே அவளுடைய மிஷினில் உட்காருமாம். சாம்பல் நிறத்தில் இருந்தது நிக்கல், பழைய வகை, கொஞ்ச நேரம்தான் தாங்கும், சும்மா வைத்திருந்தாலும் தானே இறங்கிப்போகும். நீலம் லித்தியம், நாள் முழுக்க நிற்கும். மூன்றாவதுக்குப் பளபளவென்று தங்கக் காகிதம் சுற்றியிருந்தது, மேலே போட்டிருந்த எண் மற்ற இரண்டையும்விடப் பெரியது, ஆனால் "அதை நம்பாதீங்கம்மா, மேல எழுதுறதுக்குக் காசா பணமா, உள்ள மண்ணுதான்" என்று ஜபாரே சொல்லிவிட்டார். எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்று சொன்னால் எது என்று அவர் சொல்லிவிடுவார். அதாவது சவரிமுத்து ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பேசுவார் என்று அவர் பெண்டாட்டி சொல்ல வேண்டும். சிங்காரத்தோப்பில், சீரியல் விளக்கும் செல்போன் உறையும் தொங்குகிற ஒரு கடையில், இத்தனை பேர் நடுவில், அதையும் அவளே சொல்ல வேண்டும்.

எவ்வளவு நேரம் பேசுவார். இந்தக் கேள்வியை யாராவது கல்யாணத்துக்கு முன்னால் கேட்டிருக்கலாம். மாப்பிள்ளைக்கு ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை, குடிக்க மாட்டார், ஞாயிற்றுக்கிழமை பூசை தவற மாட்டார் என்று எல்லாம் விசாரித்த அப்பா இதை விசாரிக்கவில்லை. சுத்தியல் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை அது. அவர் தெருமுனையில் வரும்போதே வீட்டுக்குள் அவளுக்குக் கேட்டுவிடும். கை நீட்டியதில்லை. அதை அவரே பெருமையாகச் சொல்வார், நான் கை நீட்டியிருக்கேனா சொல்லு, சொல்லுடி, சாமி சத்தியமாச் சொல்லு. நீட்டவில்லைதான். கையே தேவைப்படவில்லை. தண்டம், எருமை, உங்கப்பன் உனக்கு உப்புப் போடக்கூடச் சொல்லித்தரலையா, உன் மூஞ்சிக்கு நான் கட்டினதே பெருசு. விருந்தாளி முன்னால், மகள் முன்னால், குழாயடியில் தண்ணீர் பிடிக்கிற பெண்கள் காதில் விழும்படி. ஒரே ஒரு தடவை அவளும் திருப்பிக் கத்திப் பார்த்தாள். முதல் வார்த்தை நன்றாகத்தான் வந்தது, இரண்டாவது வார்த்தையில் குரல் உடைந்து, மூன்றாவது அழுகையாகிவிட்டது. அவர் சிரித்தார். என்னம்மா, பாட்டா பாடுற, நிறுத்திட்டியே, இன்னொரு சரணம் பாடு. அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. கோபம் வந்தால் அவளுக்குக் குரல் நடுங்கும், அது பிறவி. கோபமே வராத மாதிரி இருந்துவிடுவது சுலபம், இருந்துவிட்டாள், எல்லாரும் பிலோமினாவைப்போலப் பொறுமை உண்டா என்றார்கள். பொறுமையாம். நாயைக் கட்டிப் போட்டுவிட்டு எவ்வளவு சாதுவாக இருக்கிறது பார் என்பது மாதிரி.

அவருக்குத் தொண்டையில் கட்டி என்றார்கள். குரல்வளையை எடுத்தால்தான் உயிர் நிற்கும் என்று டாக்டர் சொன்னபோது அவர் பக்கத்துப் படுக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவள் டாக்டரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்தா பேசவே முடியாதுங்களா சார். முடியாதும்மா, மனசைத் தேத்திக்குங்க. அவள் மனதைத் தேற்றிக்கொள்ள ஆஸ்பத்திரிக் கழிவறைக்குப் போனாள், கதவைத் தாழ்ப்பாள் போட்டாள், குழாயைத் திறந்துவிட்டாள், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். அழுகைதான் வரப்போகிறது என்று நினைத்தாள், சத்தியமாக அப்படித்தான் நினைத்தாள், வந்தது சிரிப்பு. வெளியே வந்தபோது முகம் வீங்கிச் சிவந்திருந்ததைப் பார்த்து நர்ஸ் தோளைத் தட்டிக் கொடுத்தாள். பாவசங்கீர்த்தனத்தில் அதை மட்டும் இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால் சாமியார் வருத்தப்படச் சொல்வார், வருத்தம் வரவில்லையே, வராததை எங்கிருந்து கொண்டுவருவது. ஆனால் சிரிப்பு சில மாதம்கூட நிலைக்கவில்லை. மகள் ஜெசிந்தா ஓசூரிலிருந்து இந்த மிஷினை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். சின்ன டார்ச் மாதிரி இருக்கும். தாடைக்குக் கீழே அமுக்கிப் பிடித்துப் பொத்தானை அழுத்தி வாயை அசைத்தால் போதும், அது உறுமும், உறுமல் வார்த்தையாகும். முதல் நாள் அவர் பழகிப் பழகிக் கடைசியில் சொன்ன முதல் வாக்கியம், என்ன பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிற. ஜெசிந்தா கைதட்டினாள். அப்பா பேசிட்டார்ம்மா, அப்பா பேசிட்டார்.

அந்தக் குரலுக்கு ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. தண்ணி கொண்டா என்பதும் செத்துத் தொலை என்பதும் ஒரே சுருதி. கோபத்தில் அவர் முகம் கறுத்து நரம்பு புடைக்கும், மிஷின் பாட்டுக்குக் கரண்ட் பில் படிக்கிற மாதிரி படிக்கும். இதாவது நல்லதாயிற்று என்று அவள் நினைத்தாள். நல்லதாகவில்லை. முன்பெல்லாம் கத்தினால் களைத்துப்போவார், மூச்சு வாங்கும், ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார். மிஷினுக்குக் களைப்பு ஏது. அதோடு அந்த பேட்டரி சாஸ்திரம் வேறு. ரயில்வேயில் பேட்டரி பார்த்த ஆளாம், எனக்குத் தெரியாததா, பேட்டரியை மிச்சம் வைத்துக்கொண்டு சார்ஜ் போட்டால் அது கெட்டுப்போகும், சுத்தமாகக் காலி செய்த பிறகுதான் போட வேண்டும். எப்படிக் காலி செய்வது? பேசித்தான். ஆக ஜெபமாலை முடிந்ததும் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார், உக்காருடி பேட்டரியைக் காலி பண்ணணும் என்பார், அவள் எதிரில் தரையில் பூண்டு உரித்துக்கொண்டோ கீரை ஆய்ந்துகொண்டோ உட்கார வேண்டும். கல்யாணத்தில் அவள் அப்பா போட்ட மோதிரத்தில் தொடங்கும். அவள் தம்பி, அவள் நடை, அவள் குழம்பு, ஆம்பளைப் பிள்ளை பெறாத அவள் வயிறு. பேட்டரி இறங்க இறங்கக் குரல் தடித்து, வார்த்தை குழைந்து, கடைசியில் வண்டு மாதிரி கொர்ரென்று அடங்கும். அடங்கிய பிறகுதான் சோறு. மழையானாலும் காய்ச்சலானாலும் தவறியதில்லை, பேட்டரி கெட்டுவிடக்கூடாதே. சில நாள் அதிகம் பேசாமலே பொழுது போயிருக்கும், அன்றைக்குக் காலி செய்ய நிறைய இருக்கும்.

அதுதான் போன வாரம் அடங்கினது அடங்கினபடியே கிடந்துவிட்டது. சார்ஜரில் போட்டால் சிவப்பு விளக்குகூட எரியவில்லை. அவர் தட்டினார், குலுக்கினார், வெயிலில் வைத்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி வாயை அசைத்தார், ஆபரேஷனில் கழுத்தில் போட்ட துளை வழியாகக் காற்று மட்டும் புஸ்ஸென்று வந்தது. அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். கடுகு வெடிக்கிற சத்தம் அன்றைக்குத்தான் அவளுக்குச் சரியாகக் கேட்டது, அது வெடித்து முடிகிறவரை நின்று கேட்டாள். நாளைக்குப் பேட்டரிக் கடை லீவு என்றாள். மறுநாள் முட்டி வலி என்றாள். அவர் சிலேட்டில் எழுதி நீட்டினார், கண்ணாடியைக் காணோம், அப்புறம் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டாள், கண்ணாடி இடுப்பில் செருகியிருந்தது. அவருக்கே வெளியே வர வழியில்லை, தெருத்தூசி துளைக்குள் போனால் இருமியே பிராணன் போகும். டம்ளரால் தரையைத் தட்டுவார். அவள் எவர்சில்வர் டம்ளரை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் டம்ளர் வைத்தாள். யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வராதா? வந்தது, ஆனால் பூனைக்குத் தூக்கம் வரவில்லை. அவர் பார்க்கிற பார்வை அப்படி. ஒன்றும் போகவில்லை, எல்லாம் உள்ளே சேர்கிறது, கண்ணாடி, டம்ளர், முட்டி வலி, ஒவ்வொன்றும் கணக்காகச் சேர்கிறது, பேட்டரி வந்த அன்றைக்கு எல்லாம் சேர்ந்து வரும், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். வாங்காமல் திரும்பவும் முடியாது, ஜெசிந்தா விடமாட்டாள். அப்படியானால் எதை வாங்குவது என்பதுதான் அவள் கையில் இருக்கிறது. ஒரு மனுஷன் ஒரு நாளைக்கு அரைமணி பேசுவதா, நாள் முழுக்கப் பேசுவதா என்பதை இங்கே, இந்தக் கண்ணாடி மேடைமேல், அவள் விரல் வைத்துச் சொல்ல வேண்டும்.

ஜபார் வந்தார். "என்னம்மா, முடிவு பண்ணீங்களா? ஆமா, இது என்ன மிஷின்? ஷேவிங்கா?"

"குரல் மிஷினுங்க. எங்க வீட்டுக்காரருக்குத் தொண்டையில ஆபரேஷன். இதை வச்சுத்தான் பேசணும்."

ஜபாரின் முகம் மாறிவிட்டது. "அல்லா. முதல்லயே சொல்லக் கூடாதாம்மா?" அவர் செத்துப்போன பேட்டரியை எடுத்து மீட்டரில் வைத்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். "இது லித்தியம்தானே. நல்ல சரக்காச்சே, இவ்ளோ சீக்கிரம் போகாதே. முழுசாக் காலி பண்ணிக் காலி பண்ணி சார்ஜ் போட்டீங்களா?"

"ஆமாங்க. தினமும்."

"யாரும்மா சொன்னது? அது அந்தக் காலத்து நிக்கல் பேட்டரிக்கு. லித்தியத்தை அப்படிச் சுத்தமா இறக்கினா செத்துரும். பாதி இருக்கும்போதே போடலாம், எப்ப வேணாலும் போடலாம். காலி பண்ணவே கூடாது."

காலி பண்ணவே கூடாது. நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளிக்கூடத்தில் எழுதி எழுதிப் பழகியது ஞாபகம் வந்தது, அவளுக்கு முதலில் சிரிக்கத்தான் தோன்றியது, அவர் பேசிப் பேசித் தன் குரலைத் தானே கொன்றிருக்கிறார், ரயில்வேயில் பேட்டரி பார்த்தவர். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அப்படியென்றால் அத்தனை சாயங்காலமும்? அத்தனை பூண்டும், அத்தனை கீரையும்? அவள் தம்பி செத்த அன்றைக்குக்கூட, வீட்டுக்கு வந்து தலை முழுகிவிட்டு வந்து உட்கார்ந்தாளே, பேட்டரி கெட்டுவிடுமே என்று உட்கார்ந்தாளே, ஒரு மருந்து மாதிரி, கடமை மாதிரி. வேண்டாததா அது? வெட்டியா? வீட்டுக்குப் போய் இதைச் சொன்னால் நம்புவாரா? நம்பமாட்டார், கடைக்காரன் உனக்கு மாமனா மச்சானா என்பார். நம்பினாலும் பேசாமல் இருந்துவிடுவாரா, அதற்கும் ஒரு சாஸ்திரம் வைத்திருப்பார். அவள் கை தங்கக் காகிதத்தின் பக்கம் போயிற்று. உள்ளே மண்தான். நல்லது, மண் இருக்கட்டும். பெரிய எண் போட்டிருக்கிறது பாருங்க, இதுதான் இருக்கிறதிலேயே உசத்தி என்று சொல்லி மாட்டிக் கொடுத்துவிடலாம், காலையில் இரண்டு வார்த்தை பேசுவார், மத்தியானத்துக்குள் கொர்ரென்று போய்விடும், பொத்தானை அமுக்கி அமுக்கி அவர் முகம் கறுக்கும், அவள் பாவமாகப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவளுக்கு அதை நினைக்க இனித்தது. வெட்கமே இல்லாமல் இனித்தது. அரைமணி நேரம் ஓடினால் போதும் என்று சொல்ல அவள் வாயெடுத்தபோது ஜபார் நீலத்தை மிஷினுக்குள் போட்டு மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"இதுல சார்ஜ் இருக்கு, ஓட்டிப் பார்த்துருவோம். எப்படிப் பேசறதும்மா?"

"தாடைக்குக் கீழ நல்லா அமுக்கிக்கங்க. பொத்தானை அழுத்திட்டு, சத்தம் போடாம வாயை மட்டும் அசைக்கணும்."

ஜபார் தாடியை விலக்கி வைத்துக்கொண்டார். இரண்டு தடவை வெறும் உறுமலாக வந்தது. டிரிம்மர்க்காரன் சிரித்தான். பில் போடுகிற பெண்ணும் எட்டிப் பார்த்தாள். மூன்றாவது தடவை ஜபார் இடத்தைப் பிடித்துவிட்டார், பிலோமினாவின் முகத்தைப் பார்த்துத் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு வாயசைத்தார்.

"சாப்பிட்டியாம்மா?" என்றது அவள் புருஷனின் குரல்.

அதே குரல்தான். ஏற்றமில்லை, இறக்கமில்லை, அதே தகர உறுமல், நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பற்றியும் நடையைப் பற்றியும் பேசிய அதே குரல். அதற்கு இதுவும் வரும். இதைச் சொல்வதற்கும் அதே பேட்டரிதான், அதே பொத்தான்தான், துளிகூடக் கூடுதலாக அமுக்க வேண்டியதில்லை. கடைக்காரர் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டார், யாரென்றே தெரியாத பொம்பளையிடம். அவளுக்குக் கண் கலங்கியது, ஜபார் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு மிஷினைக் கீழே வைத்துவிட்டு, "அழாதீங்கம்மா, ஐயா நல்லாப் பேசுவார்" என்றார். அவள் அழவில்லை. இத்தனை காலம் புருஷனின் தொண்டையைத்தான் அவள் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தாள், ஒர்க்ஷாப் தொண்டை, பிறகு நோய்த் தொண்டை, பிறகு தகரத் தொண்டை, அதற்கு அவ்வளவுதான் வரும் என்று மனதுக்குள் எங்கோ ஒரு மூலையில் அவரை மன்னித்து வைத்திருந்தாள், அந்த மூலைகூட இப்போது போயிற்று. எந்தத் தொண்டைக்கும் எல்லாம் வரும். அவருக்கு அவளிடம் சொல்ல மனம் வரவில்லை, அவ்வளவுதான். அவள் அவரை அந்த நேரத்தில் வெறுத்ததைப்போல அதுவரை வெறுத்ததில்லை.

"நீங்களும் ஒரு தடவை வச்சுப் பாருங்கம்மா. பழைய அதிர்வு வருதான்னு உங்களுக்குத்தான் தெரியும்."

வேண்டாம் என்றுதான் சொல்லப்போனாள். கை எடுத்துவிட்டது. தாடைக்குக் கீழே, எலும்பு முடிகிற இடத்தில், அவர் வைக்கிற அதே இடத்தில் வைத்தாள், வாங்கி வந்த நாளிலிருந்து பார்த்துப் பார்த்துத் தெரிந்த இடம். குளிர்ந்திருந்தது. பில் போடுகிற பெண் இன்னும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், கழுத்தில் புது மஞ்சள் கயிறு, பல்லெல்லாம் தெரிகிற சிரிப்பு. வணக்கம் என்று சொல்லலாம், ஒண்ணு ரெண்டு எண்ணலாம். பிலோமினா பொத்தானை அழுத்தினாள்.

"என்ன பார்க்குற, தண்டம். எருமை மாடு."

கடையே சிரித்தது. டிரிம்மர்க்காரன் விழுந்து விழுந்து சிரித்தான், ஜபார்கூடச் சிரித்தார், அம்மா ஐயாவை அப்படியே எறக்கிட்டீங்க என்றார். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவள் பல் மறைந்தது, தோள் இரண்டும் காதுவரை ஏறின, கையிலிருந்த பில் புத்தகத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கூனலை பிலோமினா வெளியிலிருந்து பார்த்ததில்லை. ஓ, இப்படித்தான் இருக்குமா. இதைத்தான் அவர் ஒவ்வொரு நாளும் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாரா. பாவம் அந்தப் பெண், ஒன்றும் அறியாதவள், ஒரு மன்னிப்புக் கேட்டுவிடலாம். அவள் திரும்பவும் பொத்தானை அழுத்தினாள். "உன் மூஞ்சிக்கு இதுவே பெருசு." பெண் தலையைக் குனிந்துகொண்டாள். பிலோமினாவின் கை வெடவெடவென்று ஆடியது, குரல் ஒரு நூல்கூட ஆடவில்லை. உடையவில்லை. இரண்டாவது வார்த்தையிலும் உடையவில்லை, மூன்றாவதிலும் உடையவில்லை. அப்படியே நின்றது, இரும்புக் கம்பி மாதிரி. உடம்பெல்லாம் ஒரு சுகம் ஏறியது, பிள்ளை பெற்று முடித்த அன்றைக்கு ஒரு சுகம் இருந்ததே, அதற்குப் பிறகு இன்றைக்குத்தான். அவள் கண்முன்னால் ஜெபமாலை முடிகிறது. நாற்காலியை இழுத்துப் போடுகிறாள். எதிரே அவர், துளையில் காற்று வந்து போகிற சத்தம், திருப்பிச் சொல்ல ஒரு சொல் கிடையாது. மோதிரத்திலிருந்து தொடங்க வேண்டும், அவசரப்படக் கூடாது, ஒன்றும் விட்டுப்போகக் கூடாது. அரைமணி எந்த மூலைக்கு?

"இந்த நீலம் எவ்வளவு நேரம் நிக்குங்க?"

"காலைலேருந்து படுக்கப்போற வரைக்கும் பேசலாம்மா."

"அதையே குடுங்க."

அந்தப் பெண் அவளை ஏறிட்டுப் பார்க்காமலே பில் போட்டாள். ஜபார் மிஷினைத் துடைத்து, காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டுக் கொடுத்தார். படியிறங்கும்போது போன் அடித்தது, ஜெசிந்தா.

"கிடைச்சுதாம்மா? அப்பா பாவம்மா. நேத்து வீடியோவுல பார்த்தேன், என்னவோ சொல்ல வாயை வாயை அசைக்கிறாரு, கண்ணுல தண்ணி."

"கிடைக்கலடி. இந்த மாடலே நின்னுபோச்சாம். எங்க தேடினாலும் கிடைக்காதாம்."

"அய்யோ. அப்ப இனிமே அப்பா பேசவே முடியாதா? இதை அவர்கிட்ட எப்படிம்மா சொல்லப்போற?"

பிலோமினா பையை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் வருகிறதா என்று பார்த்தாள்.

"நான் சொல்லிக்கிறேன்" என்றாள்.